கொல்கத்தாவில் முதல் நாட்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. ஈரோட்டுக்காரன். தமிழ்நாட்டுக்கு வெளியே தனியாக வந்திருப்பது இதுவே முதல்முறை. முதுகுப்பையோடு சென்ற ஞாயிற்றுக்கிழமை ஹவுராவில் இறங்கினேன். நிலையத்திலிருந்து சதர் தெருவுக்கு வர டாக்ஸிக்காரர் 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு விடுதியின் பொது அறையில் கட்டில் எடுத்துத் தங்கியிருக்கிறேன். திங்களன்று இந்திய அருங்காட்சியகத்துக்குப் போனால் விடுமுறை. விக்டோரியா நினைவகத்திலும் கட்டடத்துக்குள் விடவில்லை; தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்தேன். செவ்வாயன்று பத்து மணிக்குமேல் கிளம்பி பேலூர் மடம் சேர்ந்தபோது நடுப்பகலுக்காக மூடியிருந்தார்கள். தட்சிணேசுவரத்திலும் நடை சாத்தியிருந்தது. காத்திருந்து தரிசனம் செய்துவிட்டுத் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. ஐந்தரை மணிக்கே ராத்திரி போல ஆகிவிடுகிறது. அதன்பின் அறைக்கு வந்து கைபேசியைப் பார்த்தபடி படுத்துவிடுகிறேன். இன்று புதன்கிழமை, விலை கேட்டதைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த திங்களுக்குத்தான் திரும்பும் டிக்கெட். அதை முன்னதாக மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாமா, அல்லது டார்ஜிலிங் போய்விடலாமா? தனிப்பயணம் என் இயல்புக்கு ஒத்துவராதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

வி., ஈரோடு

அன்புள்ள வி.,

நீங்கள் அங்கிருக்கும்போதே கையில் கிடைக்கட்டும் என்று, வரிசையில் இருந்த மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் இயல்பைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று நாட்களை வைத்துக்கொண்டு நீங்களும் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் மனக்குறைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருந்தது, மடம் நடுப்பகலில் மூடியிருந்தது, கோயிலில் நடை சாத்தியிருந்தது, ஐந்தரைக்கு இருட்டிவிட்டது. நீங்கள் சென்ற இடங்கள் எல்லாம் சரியானவை. சென்ற வேளைகள்தான் பிசகிவிட்டன. ஊர் மாறிய பிறகும் உங்கள் பொழுது ஈரோட்டுக் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் வானியலும் கொஞ்சம் இருக்கிறது. நம் நாடு முழுவதற்குமான நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கொல்கத்தா அதற்குக் கிழக்கே ஏறக்குறைய ஆறு பாகை தள்ளியும், ஈரோடு மேற்கே ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளியும் இருக்கின்றன. போதாததற்குக் கொல்கத்தா வடக்கே இருப்பதால் அங்கே குளிர்காலப் பகல் நம்முடையதைவிடக் குறுகியது. ஆகவே டிசம்பரில் ஈரோட்டில் ஆறு மணியை ஒட்டி மறைகிற சூரியன் கொல்கத்தாவில் ஐந்துக்கு முன்பே மறைந்துவிடுகிறது. இந்திய நேரம் 1906இல் வந்த பிறகும், அதைவிட ஏறத்தாழ 24 நிமிடம் முந்திய தன் சொந்த நேரத்தைக் கொல்கத்தா விட்டுக்கொடுக்காமல் 1948 வரை வைத்திருந்தது. அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்து மணிக்குமேல் வெளியே கிளம்பி, மாலை வெளிச்சம் ஆறரை வரை இருக்கும் என்று உடம்பு எதிர்பார்க்க, ஐந்து மணிக்கே விளக்குகள் எரியத் தொடங்கினால் எவருக்கும் மனம் சோரத்தான் செய்யும்.

நாளைக்குக் காலை ஐந்தரைக்கு எழுந்து, முதலில் கிடைக்கும் பேருந்தில் ஹவுரா பாலத்தின் கிழக்குக் கரைக்குப் போங்கள். அங்கே பாலத்தின் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை நடக்கிறது. சத்தியமங்கலத்து மல்லிகையை அறிந்த உங்களுக்கு இது வேறொரு பூவுலகமாக இருக்கும். இங்கே ஆட்சி செய்வது செண்டுமல்லி. ஆரஞ்சிலும் மஞ்சளிலும் கோத்த சரங்களைச் சேர்த்து, ஆள் தடிமனுக்கு வடமாகக் கட்டித் தோளிலும் தலையிலும் தூக்கிக்கொண்டு வருவார்கள். காளிக்கான செம்பருத்தியை மொட்டாகவே கோத்து, மலர்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். தரை முழுக்கச் சேறும் இலைக்குப்பையும் வழுக்கும். சுமையோடு வருபவர் உங்களுக்காக நிற்க மாட்டார், குரல் கேட்டதும் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். படம் எடுப்பதற்கு முன் ஒரு சுற்று வெறுமனே நடந்து பாருங்கள். எட்டரை மணிக்குமேல் போனீர்களானால் கூட்டம்தான் இருக்கும், அந்த வேகம் இருக்காது.

பிறகு பாலத்தின் மேலேறி நடந்தே அக்கரைக்குச் செல்லுங்கள். டாக்ஸியில் கடந்தது கணக்கில் சேராது. 1943இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 26,500 டன் எஃகு இருக்கிறது. மரையாணி ஒன்றுகூட இல்லாமல் முழுவதும் கடாவி ஆணிகளால் (ரிவெட்) இணைத்தது. ஆற்றுக்குள் ஒரு தூணும் கிடையாது. நடைபாதையை ஒட்டி நிற்கும் எஃகுத் தொங்கு தூண்களின் அடிப்பகுதியையும் கவனியுங்கள். நடந்து போகிறவர்கள் துப்பிய வெற்றிலைச் சாறு அரித்து உலோகமே மெலிந்துபோனதால் அவற்றுக்கு ஃபைபர் கிளாஸ் உறை போட வேண்டியதாயிற்று. போர்க்காலத்தில் கட்டி முடித்த பாலத்துக்கு வாய்த்த எதிரி இது. திரும்பும்போது ஹவுரா படகுத்துறையிலிருந்து சில ரூபாய்க்குக் கிடைக்கும் படகில் பாபு காட்டுக்கு வந்துவிடலாம். வாழ்க்கையில் ஒருமுறை பார்க்க வேண்டியவை என்று பட்டியலிடுகிறார்களே, அவற்றில் பாதியைவிட அந்தப் படகுப் பயணம் மேலானது.

வேலைநாளின் நடுப்பகல் டல்ஹவுசி சதுக்கத்துக்கு உரியது. இன்று பி.பா.தி. பாக் என்று வழங்கும் அந்த வட்டாரம் ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும். வேலைநாட்களில் ஒரு மணிக்கு அலுவலகங்கள் எல்லாம் நடைபாதையில் வந்து சாப்பிடும். எஸ்பிளனேடிலிருந்து சற்று நடந்தால் டெக்கர்ஸ் லேன் என்ற சந்து இருக்கிறது. அதன் அதிகாரப்பூர்வமான பெயர் ஜேம்ஸ் ஹிக்கி சரணி. 1780இல் இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாளான வாரப் பத்திரிகையைத் தொடங்கி, கவர்னர் ஜெனரலையே வம்புக்கிழுத்துச் சிறைக்குப் போன ஹிக்கியின் பெயரை, கொல்கத்தாவாசிகள் சாப்பாட்டுச் சந்துக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கிண்ணம் சிக்கன் ஸ்டூ வாங்குங்கள். காரம் தேடாதீர்கள், இருக்காது. தெளிந்த சாற்றில் ஒரு கோழித்துண்டு, பப்பாளிக்காய், கேரட், மேலே மிளகுத்தூள், பக்கத்தில் வாட்டிய ரொட்டி, அவ்வளவுதான். பெஞ்சில் இடமில்லாவிட்டால் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். அருகில் நின்று சாப்பிடும் குமாஸ்தா, கிண்ணத்தைப் பார்க்கும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்க நிறைய வாய்ப்பு உண்டு.

இரண்டு மணியிலிருந்து நான்கு வரை கொல்கத்தா ஓய்கிறது. அந்த வேளையைச் சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம். 1767இல் தொடங்கியது, மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸின் கல்லறை மேலெழுப்பிய ஊசிக்கோபுரம் அங்கேதான் நிற்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: அந்நகரின் பல ஒருவழிச் சாலைகள் மதியத்துக்குப் பின் எதிர்த்திசைக்கு மாறிவிடும். காலையில் பேருந்து ஏறிய நிறுத்தத்தில் மாலையிலும் நின்றுகொண்டிருந்தால் பேருந்து வராது.

இனி உங்களை உண்மையில் வருத்தும் மாலைப்பொழுது. நீங்கள் அறைக்குத் திரும்பும் அந்த ஐந்தரை மணிக்குத்தான் கொல்கத்தா வீதிக்கு வருகிறது. வங்காளியின் நாளில் மிகச் செழிப்பான பகுதி இருட்டியதிலிருந்து ஒன்பது மணி வரையிலானது. பலகாரக் கடைகளில் சிங்காடா என்ற வங்காளச் சமோசா சூடாக இறங்கும். குளிர்காலமாதலால் மிட்டாய்க் கடைகளில் புதிய ஈச்சவெல்லம் போட்ட சந்தேஷ் வந்திருக்கும், வேறு பருவத்தில் போனவருக்கு அது கிடைக்காது. வேலைநாள் ஒன்றின் மாலையில் காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். ஞாயிறு போனால் பெரும்பாலான புத்தகக் கடைகளின் அடைத்த கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். அங்கே முன்பு ஆல்பர்ட் ஹாலாக இருந்த கட்டடத்தில் காபி ஹவுஸ் நடக்கிறது. இன்று தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. தலைப்பாகை கட்டிய பரிசாரகர்கள் வருவார்கள், அவசரப்பட மாட்டார்கள். காபியைப் பற்றி ஈரோட்டுக்காரரான உங்களிடம் நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆனால் கூட்டம் நிறைந்த நேரத்தில் மேசையைப் பகிர்ந்துகொள்ள நேரும், அதற்காகவே போக வேண்டும். அருகில் கால்பந்தோ அரசியலோ பேசிக்கொண்டிருப்பவர்கள் புதியவரைத் தங்கள் பேச்சுக்குச் சாட்சியாக இழுத்துக்கொள்வதில் தயக்கம் காட்டாதவர்கள்.

யாரோடும் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தங்கியிருக்கும் இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. அறுபதுகளிலிருந்தே வெளிநாட்டு முதுகுப்பைப் பயணிகள் வந்து இறங்கும் தெரு அது. இரண்டு நாளில் போய்விடுகிறவர்களை வைத்துப் பிழைக்கும் தெருவில் உங்கள் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள், பொருளைத்தான் நீட்டுவார்கள். கட்டிலை மாற்ற வேண்டாம், அருங்காட்சியகமும் நியூ மார்க்கெட்டும் மெட்ரோவும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தெருவைவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி, குடியிருப்புப் பகுதியில், பெஞ்சு போட்ட டீக்கடை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் போய் மண்குவளையில் டீ வாங்கி உட்காருங்கள். முதல்நாள் உங்களைப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் தலையசைப்பார்கள். மூன்றாம் நாள், சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே டீ வந்துவிடும். பிறகு ஊர், சம்பளம், கல்யாணம் என்று விசாரணை தொடங்கும். தப்பிக்கத்தான் வழி தேட வேண்டியிருக்கும்! பார்க்க வேண்டிய இடங்களில் இரண்டைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஞாயிறு காலை ஆறரைக்குள் டிரெட்டி பஜாரில் இருங்கள். ஹக்கா சீனக் குடும்பங்கள் நடைபாதையில் வைத்து விற்கும் காலை உணவு, மீன் உருண்டை சூப்பும் ஆவியில் வேகவைத்த பன்னும், எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். அங்கிருந்து நடக்கும் தூரத்துக்குள்ளேயே 1724இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயமும், 1884இல் கட்டிய மாகென் டேவிட் யூத ஆலயமும், நாகோடா மசூதியும் இருக்கின்றன. யூத ஆலயத்தைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம்கள்.

லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் பல காலமாகக் குடியிருக்கிறார்கள். வாழையிலையும் முருங்கைக்காயும் டிகாக்ஷன் காபியும் அங்கே கிடைக்கும். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சனிக்கிழமைக்கு முன் போகாதீர்கள். இப்போதைய மனநிலையில் போனீர்களானால் மிச்ச நாட்கள் முழுவதையும் அங்கேயே கழித்துவிடுவீர்கள்.

டார்ஜிலிங் வேண்டாம். சியால்டாவில் இரவு ரயில் ஏறி நியூ ஜல்பைகுரியில் இறங்கி மலையேறிச் சேரும்போது, இங்கே கடந்துவந்த முதல்நாள் அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பழகுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

டிக்கெட்டையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஆனால் அதை எடுத்து ஒருமுறை பாருங்கள். சென்னை மெயில் ஹவுராவிலிருந்துதான் புறப்படுகிறது; கோரமண்டல் இப்போது ஷாலிமாரிலிருந்து கிளம்புகிறது, அது வேறு நிலையம், அங்கே மெட்ரோ போகாது. ஹவுரா என்றால் எஸ்பிளனேடில் மெட்ரோ ஏறினால் போதும். 2024 மார்ச்சில் திறந்த பாதை அது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே சென்று நிலையத்தில் இறக்கிவிடும். அந்த 600 ரூபாய் இந்த முறை மிச்சம்.