முதல் மாரத்தான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. மதுரையில் வங்கிப் பணி. வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானின் முழுத் தூரத்தையும் ஓடிவிட வேண்டும் என்று முடிவெடுத்து, மூன்று வாரங்களாகத் தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் முழுவேகத்தில் ஓடுகிறேன். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இப்போது இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். தொடரலாமா? அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்ததால் வீட்டிலும் பயப்படுகிறார்கள்.

ச., மதுரை

அன்புள்ள ச.,

தொடர வேண்டாம். ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைந்து உடம்பு லேசானதுபோல் தோன்றும். ஆனால் இதயமும் நுரையீரலும் பழகிக்கொள்ளும் வேகத்தில் எலும்பும் தசைநாணும் பழகுவதில்லை, அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். முதல் மாதத்தின் அந்த உற்சாகத்தை நம்பி வேகத்தைக் கூட்டியவர்கள்தான் அடுத்த மாதம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இன்று இரவு உட்கார்ந்து, கட்டைவிரலால் முன்னெலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். அரைச்சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், அது பெரும்பாலும் அளவுமீறி ஓடியதால் வந்த வலி. ஓட்டத்தை நிறுத்தினால் சில வாரங்களில் தணியும். விரல் பட்டதும் ஒரே இடத்தில் சுரீரென்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும். அப்போது எலும்பு மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். தொடக்க வாரங்களில் அந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு என்பதால், படத்தில் ஒன்றுமில்லை என்றதும் மறுநாளே ஓடக் கிளம்பிவிடாதீர்கள்.

வலி முற்றிலும் போனபின் வாரத்துக்கு நான்கு நாள் போதும். கூட வருபவரிடம் நேற்று வங்கியில் நடந்ததை, இடையில் மூச்சு வாங்காமல், முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிகிற வேகமே உங்களுக்குரிய வேகம். அது முடியவில்லையென்றால் நடந்துவிட்டு மறுபடி ஓடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. நான்கில் ஒரு நாளை, ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம், நீண்ட ஓட்டத்துக்கு ஒதுக்கி, ஒவ்வொரு வாரமும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கே கூட்டி, நான்காவது வாரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். தெப்பக்குளத்தை எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றாமல் திசையை மாற்றிக்கொண்டால் ஒரே காலில் பாரம் விழாது.

இந்தக் கணக்கில் ஜனவரிக்குள் நீங்கள் 21 கிலோமீட்டருக்குத் தயாராகலாம், 42.195 கிலோமீட்டருக்கு ஆக மாட்டீர்கள். முழு மாரத்தான் என்பது அரை மாரத்தானை இரண்டு முறை ஓடுவதல்ல. ஏறத்தாழ 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்து, கால்கள் மனம் சொல்வதைக் கேட்க மறுக்கும். ஆகவே இந்த ஜனவரியில் அரை மாரத்தான், அடுத்த ஜனவரியில் முழு மாரத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் திடமான கருத்து.

சென்னையின் கடற்காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை உலராததால் உடல் சூடு தணியாது. அதற்காகத் தண்ணீர் வைத்திருக்கும் இடத்திலெல்லாம் நின்று குடிக்காதீர்கள். 2002ஆம் ஆண்டு போஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் என்னும் உப்புச்சத்து இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது ஏராளமாகக் குடித்து எடை கூடியவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. தாகத்துக்கு மட்டும் குடியுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியமாகப் படுகிறது. தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அதை மகனுக்கும் உரிய ஆபத்துக் காரணியாகவே மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வாரமே இதய மருத்துவரிடம் குடும்ப வரலாற்றையும் உங்கள் ஓட்டத் திட்டத்தையும் சொல்லி, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈசிஜி ஆகியவற்றையும், அவர் தேவையென்றால் டிரெட்மில் டெஸ்டையும் முடித்துவிடுங்கள். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய கேள்விகளுக்கு மருத்துவரே பதில் சொல்லட்டும். மருத்துவர் அனுமதிக்கும்வரை, கால்வலி போய்விட்டாலும், தெப்பக்குளத்தைச் சுற்றி நிதானமாக நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.