கார் இன்சூரன்ஸில் கூடுதல் கவரேஜ்: எதை எடுப்பது, எதை விடுவது?

பாலிசி புதுப்பிக்கும்போது நீட்டுகிற கூடுதல் பட்டியலில் எது தேவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் கட்டாயப்படுத்துவது பெரும்பாலும் அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீட்டை மட்டும்தான். சொந்த வண்டிக்கான சேதம், திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் நம் விருப்பம். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் கொடுத்தவர் அதையும் கேட்பார். மற்றவர்கள் ஒன்று யோசித்தால் போதும்: நாளைக்கே வண்டி நொறுங்கினால் கைக்காசில் இன்னொன்று வாங்க முடியுமா? முடியாதென்றால் அந்தக் காப்பீட்டை வாங்கிவிடுங்கள். ஆனால் பழைய வண்டிக்குக் கிடைப்பது அதன் இன்றைய மதிப்புதான், அதிலும் சேதத்தில் நாமே கைக்காசில் ஏற்க வேண்டிய பங்கு கழியும். பிரீமியம் அந்தத் தொகையை நெருங்கினால் கட்டுவது வீண்.

அப்புறம் தேய்மானம். சாதாரண பாலிசியில் புதிய பம்பர் மாட்டினாலும் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருகிறார்கள் என்றால், புது வண்டிக்கு, தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ நல்லது. தண்ணீர் தேங்கும் பகுதியில் இருந்தால் இன்ஜின் பாதுகாப்பையும் பாருங்கள். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். வழியில் நின்றுபோனால் வரும் உதவி வாரண்டியிலேயே இருக்கலாம், இரண்டு தடவை காசு கொடுக்காதீர்கள்.

பிரீமியம் குறைய, நாம் ஏற்கும் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். சரி, அந்தத் தொகை எந்நேரமும் கையில் இருக்குமா? இருந்தால் மட்டும் செய்யுங்கள்.