30 நிமிடம் பாயில் உட்கார வைப்பது எப்படி?

கேள்வி: நான்கு வயதுப் பிள்ளைகள் 20 பேர் இருக்கும் மழலையர் வகுப்புக்கு நான் ஆசிரியை. உதவியாளர் ஒருவர் இருக்கிறார். காலையில் எல்லோரையும் பாயில் உட்கார வைத்து கிழமை, எண்கள், பாட்டு, கதை என்று 30 நிமிடம் நடத்துகிறேன். பத்தாவது நிமிடத்திலேயே பாதிப் பேர் எழுந்துவிடுகிறார்கள். கேள்வி கேட்டால் எப்போதும் அதே மூன்று பேர்தான் பதில் சொல்கிறார்கள். ஒழுங்காக உட்கார்ந்தால் ஸ்டார் ஸ்டிக்கர் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம் பலித்தது, அப்புறம் பழைய கதைதான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. 30 நிமிடம், 20 பிள்ளைகள். நீங்கள் வாயே திறக்காமல் முழு நேரத்தையும் அவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாலும் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான் வரும். உண்மையில் பெரும்பாலும் பேசுவது நாம்தான். அப்படியானால் அந்தப் பாயில் ஒரு பிள்ளைக்கு என்ன வேலை? காத்திருப்பது. பெரியவர்கள் நாமே கூட்டங்களில் மேசைக்கு அடியில் போனை நோண்டுகிறோம். பிள்ளைகளிடம் போன் இல்லை, எழுந்து போகிறார்கள்.

அதனால் உட்கார வைக்கும் வித்தை எதையும் நான் சொல்லப் போவதில்லை. பாய் நேரத்தைப் பத்துப் பன்னிரண்டு நிமிடமாகக் குறையுங்கள். அதில் இருந்தவற்றை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பார்ப்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பாய் நேரத்தை ஒரு நாள் ரெக்கார்டு செய்து கேட்டேன். கதையைவிட "உட்காரு", "இங்கே பாரு", "கையை எடு" தான் அதிகம் கேட்டது. நடுவில் ஒரு பையன் ஏதோ சொல்ல வருகிறான். "அப்புறம் சொல்லலாம்" என்கிறேன். ரெக்கார்டிங் முடியும் வரை அந்த அப்புறம் வரவே இல்லை. நீங்களும் ஒரு நாள் போனை அலமாரி மேல் வைத்துப் பதிவு செய்து பாருங்கள். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். அது பிள்ளைகளின் குரல்.

முதலில் வெட்ட வேண்டியது கிழமையும் தேதியும். "நாளைக்கு நாங்க போனோமே" என்று சொல்லும் வயது இது. நேற்றும் நாளையும் இன்னும் பிரிபடாத பிள்ளைக்கு "இன்று புதன்கிழமை" என்பது வெறும் ராகம். அதற்குப் பதில் அன்றைய நாளின் வரிசையைப் படங்களாக ஒட்டுங்கள்: பாட்டு, கதை, விளையாட்டு, கை கழுவுதல், சாப்பாடு, வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு பிள்ளை கிளிப்பை அடுத்த படத்துக்கு நகர்த்தட்டும். முன், பின், அடுத்து என்ற சொற்கள் அப்போது கைக்கு அகப்படும். ஒரு நிமிட வேலை.

அடுத்தது கதை. இருக்கும் இரண்டு பெரியவர்களில் ஒருவர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று "ஷ்" சொல்லிக்கொண்டிருந்தால் அது ஓர் ஆள் நஷ்டம். வகுப்பைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒரு பாதி உங்களோடு கதையில் இருக்கட்டும்; மறு பாதி உதவியாளரோடு கட்டை, வண்ணம், தண்ணீர்த் தொட்டி என்று இருக்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே கதையை இரண்டு தடவை சொல்ல உங்களுக்குச் சலிக்கலாம். ஆனால் பத்துப் பேர் என்றால் கடைசியில் இருப்பவளுக்கும் படம் தெரியும்.

அந்த மூன்று பேர் விஷயத்துக்கு வருகிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று வகுப்புப் பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தார். சராசரி, ஏறத்தாழ ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளைக்குத் தாவுவார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். 1970களில் அவர் வெளியிட்ட அந்த முடிவுகள் ஆரம்பப் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பற்றியவை. நான்கு வயதுக்கு இது இன்னும் அதிகம் தேவை என்பது என் அனுபவம். அவர்களுக்கு யோசிக்க நேரம் வேண்டும், அதைச் சொல்லாகக் கோக்கவும் நேரம் வேண்டும். கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். எண்ணும்போது அந்த மூவர் பக்கம் திரும்பாதீர்கள்; கண் போனால் பதில் வந்துவிடும்.

எந்தக் கேள்வி என்பதும் முக்கியம். ஒரு படக்கதையில் ஒரு பையன் ஒற்றை ஷூவோடு நிற்பான். வாசல் கதவு திறந்திருக்கும். "இது என்ன?" என்றால் "ஷூ" என்பார்கள், அதோடு சரி. ஒரு நாள் "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த, அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி மெதுவாகச் சொன்னாள்:

"காணோம்."

"ஆமாம், ஒரு ஷூவைக் காணோம். எங்கே போயிருக்கும்?"

"நாய்."

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சா! உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் எழுந்து வந்து திறந்திருந்த கதவின்மேல் விரலை வைத்தாள். அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கதவை நான் பார்த்ததே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, "காணோம்" என்ற ஒற்றைச் சொல்லை அவளிடமே ஒரு வாக்கியமாகத் திருப்பிக் கொடுத்ததை. "முழு வாக்கியமாகச் சொல்லு" என்று கேட்டிருந்தால் அவள் மறுபடி ஓரத்துக்கே போயிருப்பாள். இந்த மாதிரி வாசிப்பை க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 1988இல் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினர் கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதை விரித்து வாசித்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் வாசித்தார்கள். ஒரே மாதத்தில் முதல் வகைக் குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். எனவே தினம் ஒரு புதுப் புத்தகம் வேண்டாம். ஒரே புத்தகத்தை நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நீங்கள் சொல்லுங்கள், நான்காம் நாள் அவர்கள் சொல்லட்டும்.

ஸ்டிக்கர் ஏன் ஒரு வாரத்தில் சாயம் போனது? லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஏற்கெனவே ஆசையாக மார்க்கரால் படம் வரையும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து மார்க்கரைச் சும்மா வெளியே வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆக, கெடுத்தது பரிசு அல்ல, பேரம். கதை கேட்பது பிள்ளைகளுக்குத் தானாகவே பிடித்த விஷயம். அதற்கு நாம் கூலி பேசினோம்.

ஒரு வார இறுதியோடு ஸ்டிக்கரை நிறுத்திவிடுங்கள். இரண்டு நாள் கேட்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அந்த இடத்தில் "குட்" என்ற முத்திரையும் வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள்: "நீ நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாய்." எதைச் செய்தோம் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் நாளைக்கும் செய்யும்.

எண்களை முழுக்கப் பாயிலிருந்து எடுத்துக் கட்டைகள் இருக்கும் மூலைக்குக் கொண்டுபோங்கள். நூறு வரை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு பிள்ளை முன் ஐந்து கட்டையை வையுங்கள். தொட்டுத் தொட்டு "ஒன்று... ஐந்து" என்று சரியாக எண்ணும். "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பலர் திரும்ப முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். இன்னொரு சோதனை: "எனக்கு நான்கு கட்டை கொடு." ஒரு கைப்பிடி அள்ளித் தந்தால் நான்கு இன்னும் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றின் பொருள் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக, மாதக்கணக்கான இடைவெளியில்தான் வருகிறது. எனவே 50க்குத் தாவ வேண்டாம். "இந்த மேசையில் ஐந்து பேர், ஐந்து பிரஷ் கொண்டு வா" என்று அனுப்புங்கள். ஒன்று குறைந்தால் பிரஷ் கிடைக்காதவனே சத்தம் போட்டுத் திருத்திவிடுவான்.

விளையாட்டு நேரத்தை நோட்டு திருத்தும் நேரமாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். போகும் முன் ஒவ்வொருவரிடமும் "எங்கே போகிறாய், என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள், முடிந்ததும் என்ன ஆச்சு என்று கேளுங்கள். திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்ற இந்த முறை, 1962இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் டேவிட் வெய்கார்ட் என்ற உளவியலாளர் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்திலிருந்து வளர்ந்தது.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சுவர் முழுக்க அலங்காரம் இருந்த அறையில் பாலர் வகுப்புப் பிள்ளைகள் அதிகம் கவனம் சிதறி, குறைவாகக் கற்றார்கள். எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. பாயிலிருந்து பார்க்கும் சுவர் மட்டும் காலியாக இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவனோ ஒருத்தியோ எழுந்துகொண்டேதான் இருப்பார்கள். ஓரத்தில் இடம் கொடுங்கள், கையில் பிசைய ஏதாவது கொடுங்கள், நின்றுகொண்டு கேட்டாலும் விட்டுவிடுங்கள். ஆனால் பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்பாத பிள்ளையை, எப்போதும் ஒரே காதைத் திருப்பும் பிள்ளையைத் தனியாகக் கவனியுங்கள். சளி பிடித்தபின் நடுக்காதில் நீர் தேங்கிச் சில வாரம் காது மந்தமாவது இந்த வயதில் சகஜம். கதை கேட்காதது சேட்டையாக இல்லாமல் அதுவாகவும் இருக்கலாம். வீட்டில் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் மாற்றினால் பெற்றோர் "இன்று ஒன்றுமே எழுதவில்லையா?" என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். தினம் நான்கு பிள்ளைகள் சொன்னதில் ஆளுக்கு ஒரு வாக்கியத்தை அவர்கள் சொன்னபடியே, திருத்தாமல் எழுதி, மாலையில் வீட்டுக்கு அனுப்புவேன். ஐந்து நாளில் 20 பேரும் வந்துவிடுவார்கள். அந்த ஷூச் சிறுமியின் அம்மாவுக்குப் போன சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "கதவு தெறந்து இருக்கு, அதான் நாய் வந்துச்சு." மறுநாள் அந்த அம்மா, மகள் என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை; அந்தப் புத்தகத்தை ஒரு நாள் வீட்டுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.