முன் ஷாக் மட்டும் போதும்

தம்பி, மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் கிரவல் பாதையில் ஓடத் தொடங்க, அதே காசுக்கு முன்னும் பின்னும் ஷாக் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) உள்ள சைக்கிளா, முன்னால் மட்டும் உள்ளதா என்று கேட்டிருந்தீர்கள். முன்னால் மட்டும் உள்ளதையே எடுங்கள். மலிவு விலையில் பின் ஷாக் வந்தால் பாரம்தான் கூடும். மிதிக்கிற பலத்தையும் அது விழுங்கிவிடும். 100 முதல் 120 மில்லிமீற்றர் அமுங்கும் முன் ஷாக் தாராளம். மிச்சக் காசை, எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்கில் போடுங்கள்.

டயர்தான் பெரிய விசயம். 2.25 அங்குல அகலத்துக்குக் குறைய வேண்டாம். கடையில் கல்லுப்போலக் காற்றடித்துத் தருவார்கள். அது கிரவலில் வழுக்கும், மணலில் புதையும். பெருவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகுமளவுக்கு இறக்குங்கள். மிதமிஞ்சி இறக்கினால் கல்லில் இடிக்கும்போது ரிம் கடித்து ரியூப் பஞ்சராகும்.

அப்புறம், அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பின்னேரம் இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், தனியாகவும் போகாதீர்கள்.