ரெட்டேரியில் கடற்காகமா?

வணக்கம் சார். சென்னை மாதவரம் பக்கத்து ரெட்டேரி ஏரி மேல் கடற்காகங்கள் சுற்றுகின்றன, ஒன்று இரண்டு நாளாக உங்கள் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறது, பிடித்துக்கொண்டுபோய் காசிமேட்டுக் கடற்கரையில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஒன்று: அவை வழிதவறி வந்தவை அல்ல. பெயரில்தான் கடல். சென்னைக்குக் குளிர்காலத்தில் வரும் பழுப்புத்தலைக் கடற்காகம் பிறப்பதே கடலைக் காணாத ஊரில். திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில். லடாக்கின் ட்சோ மொரிரி ஏரி சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வருவதற்கு உள்ளே இருக்கும் மாதவரம் என்ன, கடலோர எண்ணூர் என்ன! மீன், புழு, குப்பை, எது கிடைத்தாலும் தின்னும். நன்னீரும் குடிக்கும், கடல்நீரும் குடிக்கும். மிஞ்சிய உப்பை வெளியேற்றக் கண்ணுக்கு மேலே சுரப்பி உண்டு. இவை வந்ததால் புயல் வரப்போகிறது என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதை விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் தலை வெள்ளையாக, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளியோடு இருக்கும். உடல் சிறியதாக, பறப்பு இலேசாக இருந்தால் அது ஆலா என்ற வேறு நீர்ப்பறவையாகவும் இருக்கலாம். நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

சரி, மாடியில் இருப்பது. இரண்டு நாள் பறக்கவில்லை என்றால் அடிபட்டிருக்கும். மாஞ்சா நூல் சிக்கியிருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். துணியைப் போட்டு மூடிப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். அலகு கொத்தும், ஜாக்கிரதை. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். காசிமேடு வேண்டாம், அடிபட்ட பறவையை அங்கே விட்டால் நாய்தான் பிடிக்கும்.

அப்புறம், பையன் அதற்கு மிக்சர் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.