மலையேற்றத்துக்குக் கையடக்க ஜிபிஎஸ் வாங்கப் போகிறேன். மேப் போட 8 ஜிபி மெமரி போதுமா, 16 ஜிபி தேவையா?

கருவியில் மெமரி கார்டு போட இடம் இருந்தால் 8 ஜிபி தாராளமாகப் போதும். கார்டு போட இடம் இல்லையென்றால் 16 ஜிபியும் ஒரு நாள் பத்தாமல் போகும். பதில் இவ்வளவுதான். ஆனால் இதை ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

நீங்கள் அநேகமாக இரண்டு மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் 8 இன்னொன்றில் 16 என்று பார்த்துவிட்டுக் குழம்பிப் போய்க் கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன், அந்தக் காலத்தில் எண்கள்தான் வேறு. என்னுடைய முதல் கருவியில் மெமரி 24 எம்பி. ஜிபி இல்லை, எம்பி. கார்டு செருகும் வசதியே கிடையாது. அதற்கு முந்தைய கருவிகளில் 8 எம்பிதான் இருந்தது என்பதால் 24 என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய சொத்தாகத் தெரிந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் முதல்நாள் இரவு கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து, கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும் துண்டுகளில் வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பேன். மொத்த அளவு ஓரத்தில் ஏறிக்கொண்டே வரும். 19, 21, 23. அடுத்த துண்டைத் தொட்டால் 26 ஆகிவிடும், ஏதாவது ஒன்றை நீக்கியாக வேண்டும்.

அப்படி ஒரு இரவு நான் நீக்கிவிட்ட துண்டு, நாங்கள் ஏறப்போகும் மலையின் வடக்குச் சரிவு.

போனது நானும் மாமாவும். அம்மாவின் தம்பி, என்னை முதன்முதலில் மலைக்குக் கூட்டிப்போனவரே அவர்தான். தெற்கே ஏறி அதே வழியில் இறங்குவதாகத் திட்டம், வடக்கே போகவே போவதில்லை, அப்புறம் எதற்கு அந்த 3 எம்பி என்று நினைத்தேன். முதல் நாள் இரவு விடாமல் மழை. காலையில் இறங்கி வந்து பார்த்தால், முதல்நாள் செருப்புக்கூட நனையாமல் தாண்டிய ஓடை இடுப்பளவுக்குச் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. அதில் இறங்குவது முடியாத காரியம். வடக்குப் பக்கம் ஒரு பாதை இறங்கிச் சாலையைத் தொடும், இருபது வருடத்துக்கு முன் நடந்திருக்கிறேன் என்றார் மாமா. சரி என்று திரும்ப ஏறி முகட்டைத் தாண்டினோம். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது, பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

அந்தத் திரையை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துக் காட்டும் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் நெருக்கமாக வந்து, ஓரிடத்தில் கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் நின்றுவிட்டன. அதற்கு அந்தப் பக்கம் வெறும் வெளிறிய மஞ்சள். ஓடை இல்லை, பாதை இல்லை, பாறை இல்லை. கீழே அளவுகோலுக்குப் பக்கத்தில் ஓவர்சூம் என்று ஒரு சொல், மேப்பில் இருக்கும் விவரத்துக்கு மேல் பெரிதாக்கிவிட்டாய் என்று அர்த்தம். அந்த மஞ்சளுக்கு நடுவில் எங்களுடைய சின்ன அம்பு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் கடைசிப் புள்ளி வரைக்கும் காட்டியது, உயரம் காட்டியது, ஒன்பது செயற்கைக்கோள் கிடைத்திருப்பதையும் காட்டியது.

“எங்கடா இருக்கோம்?” என்றார் மாமா.

“இருக்கிற இடம் தெரியுது மாமா. சுத்தி என்ன இருக்குன்னுதான் தெரியல.”

பேப்பர் மேப் கொண்டுபோகவில்லையா என்று இங்கே கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். கொண்டுபோனோம். அதுவும் தெற்குப் பக்கத் தாள்தான், அடுத்த தாளை வீட்டில் வைத்துவிட்டு வந்ததும் நான்தான். மாமாவின் இருபது வருட ஞாபகத்தை நம்பி இறங்கியதில் தப்பான கிளைமுகட்டில் போய் ஒரு பாறை விளிம்பில் நின்றோம். கீழே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கருவி பதிந்து வைத்திருந்த எங்கள் டிராக்கை, அதாவது நடந்து வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி ஏறி, முகட்டுக்குக் கீழே ஒரு பாறை இடுக்கில் அந்த இரவைக் கழித்தோம். மாமாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. மறுநாள் ஓடையில் தண்ணீர் வடிந்தபின் தெற்கேயே இறங்கினோம், வழக்கமாக மூன்று மணி நேரம் ஆகும் இறக்கத்துக்கு எட்டு மணி நேரம் ஆனது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் ஜிபி முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது, கூடவே ஏற்றி வரும் மேப் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டிலும் 8 ஜிபிதான், இரண்டிலும் மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம். 32எக்ஸில் கூடுதலாக இருப்பது சாய்த்துப் பிடித்தாலும் திசை காட்டும் மூன்று அச்சு திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும். ஆகவே மேப்புக்காக மட்டும் 32எக்ஸுக்குப் போக வேண்டியதில்லை. அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 66, 67 வரிசைகளில் 16 ஜிபி, கார்டும் போடலாம். ஈட்ரெக்ஸ் 10 போன்றவற்றில் பெரிய சாலைகளும் ஊர்களும் மட்டும் உள்ள ஒரு அடிப்படை மேப் இருக்கும், அதற்கு மேல் மேப் ஏற்ற இடமும் இல்லை, கார்டும் இல்லை. “மேப் உண்டு” என்ற சொல்லை மட்டும் நம்பி அதை வாங்கிவிட்டு மலையில் நின்று விழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். நல்ல கருவிதான், ஆனால் நீங்கள் கேட்கும் வேலைக்கு அது இல்லை.

கார்டு வாங்கும்போது பெரியதாக வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நண்பர் ஒருவர் 128 ஜிபி கார்டு வாங்கிப் போட்டார், கருவி அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள் பல உண்டு: 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகி வரும், இந்தக் கருவிகளில் பலவும் ஃபேட்32 என்ற முறையை மட்டும்தான் படிக்கும். 32 ஜிபி கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், தலைவலி இல்லை. ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, பெரிய மேப்பாக இருந்தால் இரண்டு மூன்றாகப் பிரித்துத்தான் போட வேண்டும். பழைய மாடல் கைமாற்றாக வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். சிலவற்றில் கார்டில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் இத்தனை மேப் துண்டுக்கு மேல் ஏற்காது என்று எண்ணிக்கை வரம்பு உண்டு, இரண்டாயிரத்துச் சொச்சம்.

ஸ்கேன் செய்த பேப்பர் மேப்பைப் போட ஆசை இருந்தால், அங்கே மெமரி பிரச்சினையே இல்லை, துண்டுகளின் எண்ணிக்கைதான் பிரச்சினை. பல மாடல்களில் அந்த மாதிரிப் படம் 100 துண்டுதான் போடலாம், ஒவ்வொன்றும் 1024க்கு 1024 புள்ளி (பிக்சல்). ஒரு புள்ளிக்கு 2 மீட்டர் என்று வைத்தால் ஒரு துண்டு சுமார் 4 சதுர கிலோமீட்டர், நூறும் சேர்ந்து 400 சொச்சம். ஒரு மலைக்குப் போதும், ஒரு தொடருக்குப் பத்தாது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்யும், படமாக இல்லாமல் கோடுகளாகச் சேமித்த கோட்டு மேப்புகள் இதைவிட எவ்வளவோ சிக்கனம். அவற்றில் இடத்தை அதிகம் அடைப்பது சம உயரக் கோடுகள்தான். 20 மீட்டருக்கு ஒரு கோடு என்பதை 10 ஆக்கினால் அந்தப் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனாலும் அதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், பனிமூட்டத்தில் சரிவு எங்கே செங்குத்தாகிறது என்று சொல்ல அந்தக் கோடுகளை விட்டால் வேறு ஆளில்லை.

டிராக் பதிவதற்கு மெமரி போதுமா என்று கவலைப்பட வேண்டாம். 10 வினாடிக்கு ஒரு புள்ளி என்றால் 10,000 புள்ளியில் 27 மணி நேர நடை அடங்கிவிடும், ஃபைல் ஒன்றிரண்டு எம்பிதான் வரும்.

போன் போதுமே, இந்தக் காலத்தில் இது எதற்கு என்று சொல்ல வருபவர்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை. நானும் போனில் ஆஃப்லைன் மேப் வைத்திருக்கிறேன். நனைந்த விரலுக்கு அசையாத திரையும் குளிரில் திடீரென்று அணையும் பேட்டரியும் பார்த்தவன் என்பதால், டபுள் ஏ பேட்டரி மாற்றிக்கொள்கிற, பொத்தான் உள்ள கருவி ஒன்றும் பையில் இருக்கட்டும் என்கிறேன்.

டிராக் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மவுஸால் கோடு இழுத்து, தான் நடந்த பாதை என்று இணையத்தில் ஏற்றுகிறார்களே, அவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்படி ஒரு கோட்டை நம்பி நாங்கள் நான்கு பேர் ஆள் உயர முட்புதருக்குள் அரை நாள் சிக்கிக் கிடந்தோம். வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து பார்த்தால் ஒரு புள்ளியிலும் நேரம் பதிவாகவில்லை, உயரமும் இல்லை. மனிதன் நடந்த டிராக் அங்கங்கே நடுங்கும், தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் புள்ளிகள் குவிந்து கிடக்கும். அது ரூலர் வைத்த மாதிரி போயிருந்தது. திட்டமிட்ட பாதை என்று போட்டிருந்தால் ஒன்றுமில்லை. நடந்தேன் என்று போட்டிருந்தார். பின்னால் வருகிறவன் அதை நம்பிக் காலை வைப்பான் என்ற நினைப்புகூட இல்லை.

சரி. வாங்குவதற்கு முன் கருவியைக் கையில் எடுத்துப் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், பல மாடல்களில் கார்டு போடும் இடம் அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். மேப்பைக் கேபிள் வழியாக ஏற்றாமல் கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் போட்டு ஏற்றுங்கள், சீக்கிரம் முடியும். கிளம்புவதற்கு முதல்நாள் கருவியை ஆன் செய்து, போகிற மலையின் நான்கு பக்கமும் திரையை நகர்த்தி, நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சம உயரக் கோடுகள் எங்கே நிற்கின்றன என்று தெரியும். முக்கியமாக, நீங்கள் போகப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கும் பக்கத்தை.