தோழிகளோடு பேச ஜூமுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேரும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஞாயிறு சாயங்காலம் ஸ்கைப்பில் கூடிப் பேசுவது வழக்கம். ஸ்கைப்பை மூடிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் பேசலாம் என்றால் துபாயில் இருப்பவளுக்கு அழைப்பு போவதில்லை. ஜூம் 40 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஜூமுக்குச் சந்தா கட்டலாம் என்கிறாள் ஒருத்தி. விபிஎன் (எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைத்து இணையத்தில் போக உதவும் செயலி) போட்டால் வாட்ஸ்அப் வேலை செய்யும் என்கிறாள் இன்னொருத்தி. என்ன செய்வது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சந்தா வேண்டாம். விபிஎன் நிச்சயமாக வேண்டாம்.

முதலில் துபாய் தோழியைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் ஐவருக்கும் எது சரிப்படும் என்பது அவரை வைத்துத்தான் முடிவாகும். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்புக்கு மட்டும் தடை. அதை மீற விபிஎன் போட்டுப் பிடிபட்டால் அபராதம் லட்சக்கணக்கான திர்ஹாம். வேலைக்குப் போயிருக்கும் ஒருவரை நாம் அந்த வம்பில் மாட்டிவிடக் கூடாது. கூகுள் மீட், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், போட்டிம் ஆகியவற்றுக்கு அங்கே அனுமதி உண்டு.

இவற்றில் உங்களுக்கு நான் சொல்வது கூகுள் மீட். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களிடம் ஜிமெயில் கணக்கு ஏற்கெனவே இருக்கும், புதிதாக எதுவும் பதிய வேண்டாம். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசக் கணக்கில் 60 நிமிடம்தான். 55ஆவது நிமிடத்திலேயே திரையில் எச்சரிக்கை வந்துவிடும். சரி, அப்போது ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து, அதே இணைப்பைத் தட்டி மறுபடி உள்ளே வாருங்கள். இந்த இரண்டு நிமிட இடைவெளிக்காக மாதாமாதம் பணம் கட்டுவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. இரண்டு பேர் மட்டும் பேசினால் 24 மணி நேரம் வரை பேசலாம், அந்தக் கவலையே இல்லை.

ஸ்கைப் 2025 மே 5ஆம் தேதி மூடப்பட்டபோது மைக்ரோசாஃப்ட் எல்லோரையும் டீம்ஸுக்குப் போகச் சொன்னது. பழைய ஸ்கைப் கணக்கிலேயே அதில் நுழையலாம். ஆனால் அது அலுவலகத்துக்காகச் செய்தது, அரட்டைக்கு வசதிப்படவில்லை என்பது என் அனுபவம்.

துபாய் தோழி வராத ஞாயிறுகளில் வாட்ஸ்அப்பே போதும். 32 பேர் வரை சேரலாம், நேரக் கட்டுப்பாடு கிடையாது, பேசுவது இடையில் யாருக்கும் கேட்காதபடி முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டது.

இலவசம் என்றாலும் டேட்டா உங்கள் கணக்கில்தான் கழியும். நல்ல தரத்தில் வீடியோ போக வினாடிக்கு 600 கிலோபிட், வர 600 என்று வைத்துக்கொண்டால் மணிக்கு அரை ஜிபிக்குக் கொஞ்சம் மேல். தினம் ஒன்றரை ஜிபி பேக் என்றால் இரண்டு மணி நேரப் பேச்சுக்கே முக்கால்வாசி போய்விடும். வீட்டில் வைஃபை இருந்தால் அதிலேயே பேசுங்கள்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரோ அப்பாவை வாட்ஸ்அப் வீடியோவில் அழைத்து, போன் திரையைப் பகிரச் சொன்னார்களாம். அவர் போனிலிருந்து வாட்ஸ்அப்பை எடுத்துவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: எடுக்காதீர்கள், பேரப் பிள்ளைகள் முகத்தை அவர் அதில்தானே பார்க்கிறார்! திரையைப் பகிர்ந்தால் அப்பாவுக்கு வரும் ஓடிபி எதிராளிக்கும் அப்படியே தெரியும், அதனால்தான் கேட்கிறார்கள். எந்த வங்கியும் வீடியோவில் அழைத்து இப்படிக் கேட்காது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் அழைப்புகள் என்ற இடத்தில், தெரியாத எண்கள் ஒலிக்காதபடி செய்யும் வசதி இருக்கிறது. அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், அப்புறம் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கச் செய்யுங்கள்.